பி.டி. டீச்சர் பதில்கள்: கோட்டோரம் போய் நில்லுங்கள்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் என் பேரன், முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரக்பி விளையாடுகிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நம் வடசென்னையில் எவ்வளவு பெருகிவிட்டன என்று அந்தக் கவர்களைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. இந்த மாதப் பக்கம் முழுக்க அவர்களுக்குத்தான்.

என் மகன் குடும்பத்தோடு ஆக்லாந்து போய் ஒரு வருடம் ஆகிறது. பேரனுக்கு ஏழு வயது. பள்ளியில் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான் என்று ரக்பியில் சேர்த்துவிட்டான் என் மகன். போன வாரம் வீடியோ காலில் பார்த்தால் இரண்டு முட்டியும் தேய்ந்து, தாடையில் ஒரு கீறல். மருமகள் போனிலேயே அழுகிறாள். டிவியில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் மேல் ஒருவர் மலை மாதிரி விழுகிறார்கள். நிறுத்தச் சொல்லி மகனிடம் பேசட்டுமா?
— தண்டையார்பேட்டை வாசகி

மகனிடம் பேச வேண்டாம் அம்மா. பேசுவதாக இருந்தால் மருமகளிடம் பேசுங்கள். அதற்கு முன்னால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

டிவியில் நீங்கள் பார்த்தது நூறு கிலோ ஆட்களின் ஆட்டம். நியூசிலாந்தில் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடுவது ‘ரிப்பா’ ரக்பி. இடுப்பில் ஒரு பெல்ட், அதில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டித் தொங்கும் இரண்டு பட்டை. பந்தோடு ஓடுகிறவனைத் தள்ளக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது. பட்டையில் ஒன்றைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கி ‘ரிப்’ என்று கத்த வேண்டும். பட்டை போனவன் உடனே பந்தைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆளைப் பிடித்துக் கீழே சாய்க்கிற டேக்கிள் எட்டு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் தொடங்குகிறது. உங்கள் பேரன் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ரிப்பா என்றால் அந்தச் சிராய்ப்பு ஈரப்புல்லில் வழுக்கி விழுந்ததாகத்தான் இருக்கும். நம் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடினாலும் வரும்.

என் மகன் 2018 கடைசியில் போனான். ஏ.சி. மெக்கானிக். அடுத்த குளிர்காலத்தில் ஆறு மாத விசாவில் நான் போய் இறங்கியபோது, வீட்டில் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்த பெரியவன், ஆறு வயசுப் பையன், பேச்சையே நிறுத்தியிருந்தான். அவன் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. (வீட்டுப் பிள்ளைகளின் பெயரை நான் பத்திரிகையில் எழுதுவதில்லை.) பள்ளியில் யாருக்கும் அது வாயில் வரவில்லை. முதலில் பாதியாக வெட்டினார்கள், அப்புறம் அந்தப் பாதியையும் கூப்பிடுவதில்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் பெயர் வருகிற இடத்தில் ஒரு நிமிஷம் தயங்குவாராம். “ஆயா, அவங்க நிறுத்தினாலே அது நான்தான்னு தெரிஞ்சுடும், நானே கையைத் தூக்கிடுவேன்” என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்தவள் நான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போனோம். எட்டு டிகிரி குளிர். புல் முழுக்கப் பனி. பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள்! அங்கே சின்னவர்கள் வெறுங்காலோடு ஆடுவது வழக்கம். ரக்பியில் ஒரு விதி இருக்கிறது அம்மா, அதைக் கவனியுங்கள். முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பந்தைக் கொடுப்பதென்றால் பின்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனின் கண்ணுக்கு முன்னால் கூட்டாளி யாரும் இருக்க மாட்டார்கள். எல்லாரும் முதுகுக்குப் பின்னால். அதனால் பின்னால் வருகிறவன் குரல் கொடுக்க வேண்டும், முன்னால் ஓடுகிறவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் தெரியாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது. சமோவாக்காரரான அவன் கோச் முதல் நாள் பந்தைத் தொடவே விடவில்லை. வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொரு பெயரையும் மற்ற ஒன்பது பேரும் சொல்ல வைத்தார். என் பேரன் முறை வந்தபோது நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்று அவனையே எழுந்து நின்று காட்டச் சொன்னார். பத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து நாக்கை மடக்கி ழகரம் பழகுகிறார்கள். இரண்டாவது சனிக்கிழமை, மழையில், ஒரு வெள்ளைக்காரக் குட்டிப் பெண் தொண்டை கிழிய அவன் பெயரைக் கூப்பிட்டாள். ழகரம் சுத்தமாக விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தவன், ராத்திரி வரை நிறுத்தவில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், நானே கப்பலில் வந்து இறங்கியவள். 1964ல் ரங்கூனிலிருந்து எங்கள் குடும்பம் வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பாவின் கடை அரசாங்கத்துக்குப் போய்விட்டது. வியாசர்பாடியில் குடிசை. என் தமிழ் வேறு மாதிரி இருந்தது. தெருவில் எனக்குப் பெயரே கிடையாது, ‘பர்மாக்காரி’தான். ஒரு சாயங்காலம் கிளித்தட்டு ஆட ஒரு ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்தார்கள். கோட்டைத் தாண்டி நான் ஓடும்போது எதிர்வீட்டு அக்கா முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அறுபது வருஷம் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, டேக்கிளுக்கு வருவோம். அடுத்த வருடம் உங்கள் பேரனுக்கு அது வந்துதான் தீரும், அதனால் பூசி மெழுக மாட்டேன். 2023ல் நான் இரண்டாவது முறை போனபோது எட்டு வயதுப் பேத்திக்கு டேக்கிள் சொல்லித் தருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் இரண்டு பேரும் மண்டியிட்டுக்கொண்டு. அப்புறம் ஒருவர் நின்று, ஒருவர் மண்டியிட்டு. அப்புறம் நடந்துகொண்டு. கடைசியில்தான் ஓட்டம். ஒவ்வொரு தடவையும் ஒரே பாடம்தான்: தலை எதிராளியின் உடம்புக்குக் குறுக்கே போகக் கூடாது, பின்பக்கமாக ஒதுங்க வேண்டும், கன்னம் அவர் இடுப்போடு ஒட்ட வேண்டும், தோளைக் கொடுத்து இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க வேண்டும். நான் மாநகராட்சிப் பள்ளிப் பெண்களுக்குக் கபடியில் தொடைப்பிடி சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தான். பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் அடிபடும். நியூசிலாந்தில் ரக்பி கோச்சுகள் ‘ரக்பிஸ்மார்ட்’ என்ற பாதுகாப்புப் பயிற்சியை வருடா வருடம் முடித்தாக வேண்டும். கோச் அதை முடித்தாரா என்று உங்கள் மகன் கேட்கலாம். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையில் அடி. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நம் ஆட்கள் நினைக்கிறோம், அது தப்பு. அடிபட்ட பிள்ளை திருதிருவென்று முழித்தாலும், வாந்தி எடுத்தாலும், தலை வலிக்கிறது என்றாலும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டரிடம் போக வேண்டும். அங்குள்ள வழிகாட்டுதல்படி திரும்ப மேட்ச் ஆடக் குறைந்தது 21 நாள். மருத்துவர் சம்மதமும் வேண்டும். பெரிய பிள்ளைகள் மேட்சில் நடுவர் இதற்கென்றே நீல அட்டை காட்டி வெளியே அனுப்புவார். ‘செலவாகுமே’ என்று உங்கள் மகன் தயங்கினால் ஏ.சி.சி.யை ஞாபகப்படுத்துங்கள். 1974 முதல் இருக்கும் அரசுத் திட்டம். விபத்துக் காயம் என்றால் யார் மேல் தப்பு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவில் பங்கேற்பார்கள். சுற்றுலா வந்தவருக்குக்கூட உண்டு.

இப்போது மருமகள். என் மருமகளும் முதல் மாதம் முழுக்கக் காரை விட்டு இறங்கவில்லை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா விழுகையும் பெரிய விழுகையாகத்தான் தெரியும். நான்தான் கையைப் பிடித்து இறக்கிக் கோட்டோரம் கொண்டு போய் நிறுத்தினேன். பாதி ஆட்டத்தில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழத்தை வெட்டிக் கொடுப்பது ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டின் முறை. எங்கள் முறை வந்த வாரம், பழத்தின் மேல் கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தனி டப்பாவில் பெரியவர்களுக்கு என்று கொண்டு போனாள். டப்பா காலி. அடுத்த வாரம் மூன்று பேர் அவளிடம் வந்து பேசினார்கள். அதில் ஒரு அம்மா மூலமாகத்தான் பிள்ளைகளுக்குக் குளிர் கோட்டு வந்தது, நல்ல பல் டாக்டர் கிடைத்தார், அவளுக்கு ஓட்டுநர் உரிமம் எடுக்கத் தைரியம் வந்தது. என் மகன் கொடி பிடித்துக் கோட்டோரம் ஓடும் வேலையை ஏற்றுக்கொண்டான். விதியெல்லாம் அதில்தான் கற்றான்.

அங்கே எனக்கும் ஒருவர் கிடைத்தார். எதிரணிப் பையனின் பாட்டி, ஃபிஜி நாட்டுக்காரர். என் புடவையைப் பார்த்துவிட்டு வந்து, “மெட்ராஸ்?” என்றார். அவருடைய கொள்ளுத்தாத்தா நம் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். ஃபிஜிக்கு மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1903 முதல் போயின. அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் நாலைந்து சொல்தான். அதில் ஒன்று ‘சோறு’. ஒரே குடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் நின்றோம். நான் காசிமேட்டுக் கடலைச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருமகளுக்கு இன்றைக்கே போன் போடுங்கள் அம்மா. ‘நிறுத்து’ என்று சொல்லாதீர்கள். ‘இந்தச் சனிக்கிழமை நீ இறங்கி நின்று பார், பார்த்துவிட்டு எனக்குச் சொல்’ என்று சொல்லுங்கள்.

வெல்டர் வேலைக்கு பிரிஸ்பேன் போகிறேன் டீச்சர். பையன்களுக்கு 8, 11 வயது. ‘ஃபுட்டியில் சேர்த்துவிடு’ என்று அங்கிருக்கும் நண்பன் சொல்கிறான். அது ரக்பியா? ஷூ, சாமான் எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாமா? என் பிள்ளைகள் ஒல்லி.
— கொருக்குப்பேட்டை வாசகர்

தம்பி, முதலில் நண்பனிடம் எந்த ஃபுட்டி என்று கேள். பிரிஸ்பேனில் அந்தச் சொல் பெரும்பாலும் ரக்பி லீகைக் குறிக்கும். மெல்பர்னில் அதே சொல்லுக்கு முற்றிலும் வேறு ஆட்டம். ரக்பியிலேயே இரண்டு வகை: யூனியன் என்றால் பக்கத்துக்கு 15 பேர், லீக் என்றால் 13. பிரிந்த கதை உனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் வடக்கே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்தவர்கள் ஆடப் போனால் அந்த நாள் கூலி போய்விடும். அதை ஈடுகட்ட வேண்டும் என்று அவர்களுடைய கிளப்புகள் கேட்டன. வசதி படைத்தவர்கள் கையிலிருந்த சங்கம் மறுத்துவிட்டது. 1895ல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியாகப் பிரிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் லீக். பின்னி மில் சங்கு கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியக் கதை இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் எந்த கிளப் இருக்கிறதோ அதில் சேர். பேருந்து மாறி மாறிப் போகிற தூரம் என்றால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். மிகச் சின்னவர்களுக்கு இரண்டு வகையிலும் பட்டை பிடுங்கும் ஆட்டம்தான். உன் பிள்ளைகள் வயதுக்கு டேக்கிள் இருக்கும், அதனால் சேர்ந்த முதல் வாரமே மேட்ச் ஆட விடாதே. பயிற்சிக்குப் போய்ப் பிடிக்கவும் விழவும் கற்கட்டும்.

இங்கிருந்து ஷூ வாங்காதே. ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். பல கிளப்புகளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன ஸ்டட்ஸ் ஷூ ஒரு பெட்டியில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வெட்கப்படாதே. புதிதாக வாங்க வேண்டியது மவுத்கார்டு ஒன்றுதான். அதை மட்டும் இரவல் வாங்காதே. வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்தால் பல் அச்சு பதியும். நீயே பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடு. என் பேரன் முதலில் கடித்தது கோணலாகிப் பேசவே முடியாமல் கழற்றிக் கழற்றிப் பையில் வைத்தான். பையில் இருக்கும் மவுத்கார்டு பல்லைக் காக்காது.

ஒல்லி என்று கவலைப்படாதே. ரக்பியில் ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு இடம் இருக்கிறது. பதினைந்து பேர் ஆட்டத்தில், இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’மிலிருந்து பந்தை எடுத்து வெளியே கொடுக்கும் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். கபடியில் ஒல்லிப் பையன் பாடிவிட்டுத் திரும்புவதை நீ பார்த்ததில்லையா?

என் மகளின் பெண், பத்து வயது, ஆக்லாந்தில் ரக்பி ஆட வேண்டும் என்று அடம். சம்பந்தியம்மா ‘பெண் பிள்ளைக்கு இது தேவையா, நாளைக்கு மூஞ்சியில் தழும்பு வந்தால் யார் கட்டுவார்கள்’ என்கிறார். என்ன சொல்லட்டும்?
— பெரம்பூர் வாசகி

என்னைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். எழுபதுகளில் நான் கபடி ஆடியபோது புருவத்தில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதோடுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. நாற்பத்தைந்து வருஷமாக அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

2022 நவம்பரில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31. நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். என் பேத்தி அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். மறு சீசனே ‘அண்ணனுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்டாள். நான் மேலே எழுதிய டேக்கிள் பயிற்சி அவளுடையதுதான். உங்கள் பேத்தி அதே ஊரில் இருந்துகொண்டு கேட்கிறாள், வேறு எதைக் கேட்பாள்? பெண்களுக்கென்று தனி அணி பக்கத்தில் இருக்கிறதா என்று உங்கள் மகளைத் தேடச் சொல்லுங்கள். பத்து வயதில் புதிதாகத் தொடங்குகிறவளுக்கு அது இன்னும் நல்லது. சம்பந்தியம்மாவிடம் வாதம் செய்யாதீர்கள். அவள் ஓடும் வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சனிக்கிழமைதோறும் ரக்பி. தமிழ் வகுப்பும் அதே நேரம். பேரன் தமிழை விட்டுவிட்டான். எனக்கு மனசு ஆறவில்லை.
— ராயபுரம் தாத்தா ஒருவர்

உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. எனக்கும் இருந்தது. ஆனால் ரக்பி குளிர்கால ஆட்டம், வருடம் முழுக்கக் கிடையாது. ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும். வருடத்தில் பாதிக்கு மேல் சனிக்கிழமைகள் மிச்சம் இருக்கின்றன. அந்த நாலைந்து மாதமும் தமிழ் உங்கள் பொறுப்பு. மேட்ச் முடிந்ததும் போன் போட்டு, முதல் ட்ரை யார் போட்டது, எப்படிப் போட்டது, மழையா, யார் அழுதது என்று கேளுங்கள். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு போய்த் தரையில் வைப்பதுதான் ட்ரை. பெரியவர்கள் ஆட்டத்தில் அதற்கு 5 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், பேச்சைத் தொடரலாம். அவன் ஆங்கிலத்தில் தொடங்கினாலும் நீங்கள் தமிழில் கேளுங்கள். என் பேரன் ‘வழுக்கிட்டான்’, ‘எகிறினான்’, ‘கெட்டியா புடிச்சேன்’ எல்லாம் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை, இந்தப் போன் பேச்சில்தான்.

மேட்ச் முடிந்ததும் ரொட்டியில் சாசேஜ் வைத்துக் கொடுக்கிறார்களாம். நாங்கள் ஹலால்தான் சாப்பிடுவோம். பேரன் கூச்சப்பட்டு மறைந்து போய் நிற்கிறான் என்று மகள் சொல்கிறாள்.
— மண்ணடி வாசகி

மறைந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை தங்கச்சி. அணி மேலாளரிடம் முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும். ஆக்லாந்தில் ஹலால் இறைச்சி சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரே அடுப்பில் வாட்டுவது பிடிக்காவிட்டால் உங்கள் மகளையே வீட்டிலிருந்து கொண்டு போகச் சொல்லுங்கள். அவனுக்கு மட்டும் இல்லாமல் பத்துப் பேருக்குச் சேர்த்து. தனியாக ஒரு டப்பா திறக்கிற பிள்ளைதான் கூச்சப்படும்.

அப்புறம் பேரனுக்கு ஒன்று சொல்லுங்கள். வெலிங்டனில் டெ பாப்பா என்ற தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பழைய வெண்கல மணி இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து. முகைய்யதீன் பக்ஸ் கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. 1836 வாக்கில் ஒரு மிஷனரி பார்த்தபோது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டுக் கப்பலின் மணி அந்த மண்ணில் சோற்றுப் பானையாக இருந்திருக்கிறது. என் பேரன் இதைப் பள்ளியில் எழுந்து நின்று சொன்னான்.

டீச்சர், எனக்கு 13 வயசு. ஃபுட்பால் ஆடுவேன். நம்ம ஊர்ல ரக்பி ஆட முடியுமா? அது வெளிநாட்டுக்காரங்க விளையாட்டுதானே?
— வியாசர்பாடி மாணவன்

ஆட முடியும் கண்ணு. 2025ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை எடுத்தது சென்னை புல்ஸ் அணி. வெளிநாட்டு விளையாட்டுதான், ஆனால் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருடா வருடம் மோதிக்கொள்ளும் கோப்பைக்குப் பெயரே கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் 1878ல் கலைந்தபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிச் செய்தது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. உன் பி.டி. சாரிடம் கேட்டு மாநில ரக்பி சங்கம் நடத்தும் பயிற்சிக்குப் போ. அதுவரை பந்து தூக்கி ஓடு, பின்னால் பாஸ் கொடுத்துப் பழகு. சிமென்ட் தரையிலோ, சொல்லித் தர ஆள் இல்லாமலோ டேக்கிள் மட்டும் செய்யவே கூடாது. இதை எனக்கு வாக்காகக் கொடு.

எங்கள் தெருவில் ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. அப்பா கம்பெனி வேலை. எட்டு வயசுப் பையன் தினமும் சாயங்காலம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறான். என் மகனிடம் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் ‘அவனுக்குத் தமிழ் தெரியாதும்மா’ என்கிறான். கடல் தாண்டிப் போன பிள்ளைகளைப் பற்றி எழுதும் நீங்கள் இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
— மணலி வாசகி

இந்த மாதம் வந்ததில் என்னை அதிக நேரம் உட்கார வைத்த கடிதம் உங்களுடையது. ஆக்லாந்து மைதானத்தில் என் பேரனுக்காக ஒருவர் செய்ததை, மணலியில் செய்ய வேண்டியவர்கள் நாம்தானே.

ஒடிசாக்காரப் பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன். புவனேஸ்வரில் பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியின் பையன்கள், 2007ல் லண்டனில் நடந்த 14 வயதுக்கு உட்பட்டோர் ரக்பிப் போட்டியில் தென்னாப்பிரிக்க அணியைத் தோற்கடித்துக் கோப்பையோடு வந்தார்கள். ஒடிசாவில் ரக்பி அவ்வளவு வேர் பிடித்திருக்கிறது. அந்தப் பையனுக்கு உங்கள் மகனுக்குத் தெரியாத ஆட்டம் ஒன்று தெரிந்திருக்கலாம்.

தமிழ் தெரிய வேண்டாம். ஓடிப் பிடிக்கிற ஆட்டத்துக்கு எந்த மொழியும் வேண்டாம். பழைய புடவையில் இரண்டு விரல் அகலத்தில் பட்டைகள் கிழித்துக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொள்ளட்டும். ஒரு பந்து, இரண்டு கோடு, பாஸ் எல்லாம் பின்னால் மட்டும். புது ஆட்டம் என்பதால் எல்லாருக்குமே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவன் மட்டும் புதியவனாக இருக்க மாட்டான். கேட் வரைக்கும் உங்கள் மகனை அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். முடிந்தால் அவன் அம்மாவையும் வெளியே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து அவன் பெயரை அவனையே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைச் சரியாகச் சொல்லும் வரை பந்தைக் கையில் கொடுக்காதீர்கள். எப்படிப் போனது என்று அடுத்த மாதத்துக்குள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.